தீராத மான் மார்க் டப்பா

டமார்!

நல்ல துப்பாக்கி சுட்டால் குண்டு முன்னால் போகும்.

அன்று காலை மிங்கலாடோன் மைதானத்தில் குண்டு முன்னால் போகவில்லை... துப்பாக்கி பின்னால் வந்தது!

புகை விலகியபோது ரெங்கசாமி மல்லாந்து கிடந்தார். தலைப்பாகை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

துப்பாக்கிக்குச் சொந்தக்காரரான மரக் கம்பெனித் துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ரெங்கசாமியை அங்கே கொண்டுவந்து இறக்கிய பர்மாக்கார வண்டிக்காரன் குதிரையின் கண்ணைப் பொத்தினான். தன் கண்ணைப் பொத்திக்கொள்ள அவனுக்கு மூன்றாவது கை இல்லை.

"டாக்டரைக் கூப்பிடு!" என்றார் துரை.

வண்டிக்காரன் ரெங்கசாமியைப் பார்த்தான். துரையைப் பார்த்தான்.

"டாக்டர் எதுக்கு துரை? போலீசைக் கூப்பிடுங்க!"

*

ட்ரிங்... ட்ரிங்...

ஸப்-இன்ஸ்பெக்டர் நல்லையாவுக்கு டெலிபோன் என்றாலே ஆகாது. திருநெல்வேலியில் இருந்து கப்பலேறி, ரங்கூன் போலீசில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிவிட்டார். இதுவரைக்கும் அந்தக் கருவி ஒரு நல்ல சேதி சொன்னதில்லை.

இன்றும் சொல்லவில்லை.

"யாரு செத்தது?"

"மொகல் தெரு ரெங்கசாமிங்க ஐயா. பீர் முகைதீன் துப்பாக்கிக் கடையில தோட்டா அடைக்கிறவரு!"

நல்லையா வாயில் வைத்த வெற்றிலையை மெல்ல மறந்தார்.

ரெங்கசாமியைத் தெரியாதவர் யார்? சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் மறுபடி வெடிமருந்து போட்டு, ஈயக்குண்டு வைத்து அழுத்திப் புதுத் தோட்டாவாக்கித் தருகிற மனுஷர். சுற்றுவட்டாரத்தில் புலியும் மானும் சாவதற்கு அவர் கை ஒரு காரணம். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தத் துரைக்குத் தோட்டா அடைத்தாலும் முதல் தோட்டாவை அவரேதான் சுட்டுப் பார்ப்பார். சமைத்தவள் உப்புப் பார்க்கிற மாதிரி!

இன்று உப்பு அதிகமாகிவிட்டது...

*

மொகல் தெருவில் கூட்டம் நெரிந்தது.

பிணம் வருவதற்கு முன்பே ஒப்பாரி வந்துவிட்டது. ரெங்கசாமியின் மனைவி ரத்தினம்மாள் தலைவிரி கோலமாக வாசலில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ஆண்ட ராசாவே! பாவி நான் கொன்னேனே! இந்தக் கையால கொன்னேனே! நெறச்சு வச்ச கையாலே நெருப்பு வச்சேனே..."

தெருப்பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதார்கள். அழுதுகொண்டே மார்க்கும் போட்டார்கள்.

"குரல் கம்மிதான்," என்று மூக்கைச் சிந்தினாள் எதிர்வீட்டுத் தங்கமணி. "ஆனா வார்த்தை பாரு... 'நெறச்சு வச்ச கையாலே நெருப்பு வச்சேனே'ங்கிறா! இவளுக்குள்ள இவ்வளவு இருந்துச்சா?"

"போன மாசம் செல்லக்கண்ணு செத்தப்போ அவன் பொண்டாட்டி வச்சதை விடவா?"

"அவ ராகம் வச்சா. இவ உசுரை வைக்கிறா!"

நல்லையாவின் சட்டைக் கையை யாரோ இழுத்தார்கள். தெருமுனையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கும் பர்மாக்காரி மா ஷ்வே. கன்னத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சு, தலையில் கூடை. தமிழர் தெருவிலேயே வியாபாரம் என்பதால் தமிழ் பேசுவாள். அவசரத்துக்குத் திட்டவும் செய்வாள்.

"ஐயா, இந்த அம்மா 'நான் கொன்னேன், நான் கொன்னேன்'னு சொல்லுது. நீங்க சும்மா நிக்கிறீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தே விட்டார்கள். சாவு வீடு என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

"அது எங்க வழக்கம், மா ஷ்வே," என்றார் நல்லையா. "புருஷன் செத்தா நம்ம பொம்பளைங்க இப்படித்தான் அழுவாங்க. பழியைத் தன் தலையில போட்டுக்குவாங்க."

"கொல்லலைன்னா ஏன் கொன்னேன்னு சொல்லணும்?"

"உனக்குப் புரியாது, போ."

பின்னால் 'சரக்... சரக்...' என்று பென்சில் சத்தம். கான்ஸ்டபிள் சபாபதி!

"யோவ், என்னய்யா எழுதறே?"

"அந்தம்மா சொன்னதைத்தான் ஐயா..."

"ஒப்பாரியை எல்லாம் எழுதினா ரங்கூன் ஜெயில்ல இடம் பத்துமா? அழி அதை!"

சபாபதி எச்சிலைத் தொட்டு அழித்தார். எழுத்து போயிற்று, காகிதத்தில் ஓட்டை விழுந்தது.

*

தெருவுக்கு ஒரு வெற்றிலைக் கடை இருந்தால் போதும். கோர்ட்டே வேண்டாம். தீர்ப்பு அங்கேயே கிடைக்கும்.

"கொன்னது துப்பாக்கிக் கடை முதலாளி கபீர்தான்!" என்றார் கடைக்காரர் பழனியப்பன், சுண்ணாம்பு தடவிக்கொண்டே.

"பார்த்தியா?"

"பார்க்கணுமா? ஐயாவுக்குக் கதையே தெரியாதா? உட்காருங்க... மான் மார்க் மருந்துன்னு ஒண்ணு உண்டு. டப்பாவுல மான் தலை படம் போட்டிருக்கும். ரெங்கசாமி அதை வச்சுத்தான் தோட்டா அடைப்பாரு. ஒரு மாட்டுக் கொம்புக் கரண்டி வச்சிருப்பாரு. தலை தட்டி ஒரு கரண்டி... அவ்வளவுதான் அளவு. ஜெர்மன் சண்டை முடிஞ்சதும் லண்டன்ல அந்த மருந்து செய்யறதையே நிறுத்திட்டான். கபீரோட வாப்பா பீர் முகைதீன் ராவுத்தர் இருந்தாரே, புண்ணியவான், கிடைச்ச டப்பாவை எல்லாம் வாங்கிப் போட்டாரு. சாகறப்போ தெருவையே கூட்டி வச்சு மகன்கிட்ட வாக்கு வாங்கினாரு."

"என்ன வாக்கு?"

"'மான் மார்க் மருந்து இருக்கிறவரைக்கும் ரெங்கசாமி இந்தக் கடையில இருக்கணும். மருந்து தீர்ந்தப்புறம் உன் இஷ்டம்'னு!"

"சரி..."

"மகனுக்கு அது முள்ளா குத்துது! கழுகு மார்க்னு புது மருந்து வந்து இறங்கிடுச்சு. கல்கத்தாவுல ஒரு ஆளையும் பேசி வச்சுட்டான். போன வாரம் இதே தெருவுல ரெண்டு பேருக்கும் சண்டை. 'அடுத்த வெள்ளிக்குள்ள அந்த டப்பா தீர்ந்துடும், தீர்ந்ததும் கப்பல் ஏறு'ன்னு கத்தினான். கிழவரு அழுதாரு ஐயா... 'குடோன்ல ரெண்டு மான் டப்பா கிடக்கும், தேடிப் பாருங்க முதலாளி'ன்னு கெஞ்சினாரு."

"தேடினானா?"

"எங்கே தேடினான்! மான் டப்பாவுக்குள்ள கழுகு மருந்தைப் போட்டு வச்சுட்டான். அது முரட்டு மருந்து. கால் கரண்டியே ஜாஸ்தியாம். கிழவருக்குத் தெரியுமா? வழக்கம்போலத் தலை தட்டி ஒரு கரண்டி... முதல் தோட்டாவை யாரு சுடுவான்னு ஊருக்கே தெரியும். டமார்!"

பழனியப்பன் வெற்றிலையை மடித்து நீட்டினார்.

"இந்தாங்க. போட்டுக்கிட்டுப் போய் அவனைத் தூக்குங்க!"

நல்லையாவுக்கு மேலே இருந்த இன்ஸ்பெக்டர் துரையும் அதையே சொன்னார். என்ன, அவர் வெற்றிலை கொடுக்கவில்லை.

*

மறுநாள் லாக்கப்பில் கபீர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார். பட்டுக் கைலி கசங்கிப் போயிருந்தது. முதலாளி மிடுக்கு இறங்கி, பயந்த முகம் ஒன்று வெளியே வந்திருந்தது.

"நல்லையாண்ணே! அல்லா மேல ஆணை. நான் அந்த டப்பாவைத் தொடலை!"

"மருந்து அறைச் சாவி யார்கிட்ட?"

"ரெங்கசாமிகிட்ட ஒண்ணு... என்கிட்ட ஒண்ணு."

"முடிஞ்சுதே! ரெங்கசாமி தன்னைத்தானே கொன்னுக்குவாரா?"

"அண்ணே, அந்த அறைக்குள்ள நான் காலே வைக்கிறதில்லை. சாமி படம் எல்லாம் மாட்டி வச்சிருக்காரு. வெள்ளிக்கிழமை நாங்க ஜும்மா தொழுகைக்குப் போனப்புறம் அவரு வீட்டம்மா வந்து கூட்டித் துடைச்சுட்டுப் போகும். சாம்பிராணி வேற!"

"மருந்து அறையில சாம்பிராணியா!"

"வாசல்ல மட்டும்தான். வாப்பா காலத்துச் சலுகை."

நல்லையா தொப்பியால் விசிறிக்கொண்டார். இத்தனை நாளாக அந்தத் தெரு வழியாகத்தானே வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்!

"கிழவரை ஏன் துரத்தினே?"

கபீர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவருக்குக் கண்ணுல பூ விழுந்துருச்சுண்ணே. ரெண்டு கண்ணுலயும். வெளியே தெரியாம மறைச்சாரு. கைப்பழக்கத்துல ஓட்டினாரு. ஒரு நாள் பார்த்தேன், குண்டைத் தலைகீழா வச்சு அமுக்கிக்கிட்டிருந்தாரு. என்னிக்காவது வெடிச்சுச் சாவாருன்னு பயந்துதான் போகச் சொன்னேன். அதைத் தெருவுல கத்த முடியுமா? மானம் போயிடாதா அவருக்கு?"

"அதனால துரத்தறேன்னு கத்தினே."

"ஆமா... அது எனக்கு நல்லா வரும்."

வெளியே டிராம் மணி அடித்துக்கொண்டு போயிற்று. கபீர் திடீரென்று நிமிர்ந்தார்.

"அண்ணே, ஒண்ணு புரியலை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ரெங்கசாமி என்கிட்ட வந்தாரு. ஒரு வாரமா முகம் குடுத்துப் பேசாத மனுஷன்... கையெடுத்துக் கும்புட்டாரு. 'ரொம்ப நன்றி முதலாளி. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்'னாரு. கண்ணுல தண்ணி!"

"எதுக்கு நன்றி?"

"தெரியலையே!"

"கேக்கலையா?"

"கும்புட்டா வாங்கிக்கறதுதானேண்ணே முதலாளி வேலை!"

நல்லையா கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

தீர்ந்துபோக வேண்டிய டப்பா வெள்ளிக்கிழமை சாயந்திரம் நிறைந்திருந்திருக்கிறது. கபீர்தான் குடோனில் தேடி எடுத்து நிரப்பியிருக்கிறார் என்று கிழவர் நம்பியிருக்கிறார். அதனால்தான் கும்பிடு!

கபீர் நிரப்பவில்லை என்றால்... நிரப்பியது யார்?

*

குடோன் பூட்டில் துரு. உள்ளே தூசி. சபாபதி தும்மின தும்மலில் பெருச்சாளிகள் வீடு மாற்றின.

"இங்க யாரும் வந்து வருஷம் ஆச்சு ஐயா!"

"அந்தச் சாக்கை நகர்த்து."

சபாபதி நகர்த்தினார்.

பழைய கோணிகளுக்குப் பின்னால்... ஈயம் வைத்து அடைத்த வாய் திறக்காமல்... இரண்டு டப்பாக்கள். தூசியைத் துடைத்தால், கொம்போடு கூடிய மான் தலை!

நல்லையா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கிழவர் சொன்னது சரி. ஒரு தரம் குனிந்து தேடியிருந்தால் போதும். ரெங்கசாமி இன்று சாயந்திரம் வெற்றிலைக் கடையில் உட்கார்ந்து பழனியப்பனோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

"கபீர்கிட்ட சொல்லட்டுமா ஐயா?"

"வேணாம். அதை நான் சொல்லிக்கறேன்."

*

"அது என்ன கருமம், சாப்பாட்டு மேஜையில?" என்றாள் ஜெயம்மா.

நல்லையாவின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசை. மற்ற நாட்களில் வீட்டில் முதல் வரிசை.

"அடுப்பு பக்கம் போகாதே. துப்பாக்கி மருந்து!"

"ஆண்டவரே!"

வெள்ளைத் தட்டு ஒன்றில் குடோன் டப்பா மருந்து. தேயிலைத்தூள் மாதிரித் தட்டைத் தட்டையாக இருந்தது. மான் மார்க்.

இன்னொரு தட்டில் ரெங்கசாமியின் டப்பாவில் இருந்தது. மேலே எல்லாம் கேழ்வரகு மாதிரிக் குட்டி உருண்டைகள். அது கழுகு மார்க். ஆனால் அடியில் ஒரு கைப்பிடி... தேயிலைத்தூள்!

நல்லையா தலையைச் சொறிந்தார்.

"கொல்ல வந்தவன் டப்பாவைச் சுத்தமா காலி பண்ணிட்டுத்தானே புது மருந்தைப் போடுவான்? அடியில ஒரு கைப்பிடி பழசை ஏன் விட்டான்?"

ஜெயம்மா பக்கத்து ஊர் த்வாண்டேயில் இருந்து வந்த அரிசி மூட்டையைப் பிரித்துப் பானையில் கொட்டப் போனாள்.

"ஏய், பானை அடியில பழைய அரிசி கிடக்கே? எடுத்துட்டுக் கொட்டேன்."

"எடுத்தா பானை காலியாயிடுமே!"

"ஆகட்டுமே!"

"அரிசிப் பானையைக் காலி பண்ணிட்டு ரொப்பினா குடும்பம் விளங்கவா? அடியில ஒரு கைப்பிடி பழசை விட்டுட்டு, அது மேலதான் புதுசைப் போடணும். எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க."

"நீ கிறிஸ்தவச்சிடி!"

"அரிசிப் பானைக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சா?"

நல்லையா சிரிக்க வாயைத் திறந்தார்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

பானை அடியில் ஒரு கைப்பிடி... டப்பா அடியில் ஒரு கைப்பிடி...

கொலைகாரன் ஒரு நாளும் விட்டு வைக்க மாட்டான். குடும்பம் நடத்துகிறவள்தான் விட்டு வைப்பாள்!

வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குக் கடை அடைத்திருக்கிறது. ரெங்கசாமி வீட்டில் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறார். சாவி ஆணியில் தொங்குகிறது. துடைப்பத்தோடும் சாம்பிராணியோடும் ஒருத்தி வருகிறாள். டப்பாவைத் திறந்து பார்க்கிறாள். அடியில் ஒரு கைப்பிடிதான் மிச்சம். டப்பா தீர்ந்தால் புருஷனின் வேலை தீரும். பக்கத்திலேயே இன்னொரு டப்பா நிறைய மருந்து. மருந்து மருந்துதானே...

"ஐயோ!" என்றார் நல்லையா.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லை. நீ கொட்டு."

ஜெயம்மா அரிசியைக் கொட்டினாள். அந்தச் சலசலப்பு நல்லையாவுக்கு அடிக்கடி கேட்கிற சத்தம்தான். அன்று அதைக் கேட்க முடியாமல் எழுந்து வெளியே போனார்.

சொன்னால், கபீர் பிழைப்பார். ஆனால் ரத்தினம்மாள்? தாலியைக் காப்பாற்றப் போன கைதான் தாலியை அறுத்தது என்று தெரிந்தால், அவள் உயிரோடு இருப்பாளா?

சொல்லாவிட்டால், கபீர் கழுத்தில் கயிறு!

*

மறுநாள் இன்ஸ்பெக்டர் துரையின் முன்னால் நல்லையா விறைப்பாக நின்றார். இவ்வளவு விறைப்பாக அவர் நின்றால் பொய் சொல்லப் போகிறார் என்று அர்த்தம். நல்லவேளை, துரைக்கு அது தெரியாது.

"மழைதான் காரணம், துரை."

"மழையா?"

"மான் மார்க் பழைய மருந்து. ரங்கூன் மழைக்கு இரும்பே கெடுது, மருந்து கெடாதா? கெட்ட மருந்து இப்படி வெடிக்குமாம். கொலை இல்லை. விபத்து."

"லண்டன் கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாமே?"

"அந்த மருந்தையே நிறுத்திட்டாங்க. கேட்டா யாரு பதில் சொல்லுவா?"

"அந்த டப்பா எங்கே?"

"வச்சிருக்கிறது ஆபத்து துரை. விடியறப்பவே ஆத்துல கொட்டிட்டேன்."

அது மட்டும் நிஜம். ரங்கூன் ஆறு எத்தனையோ ரகசியத்தைக் குடித்திருக்கிறது. ஒரு டப்பா மருந்தால் அதற்கு வயிறு வலிக்காது.

துரை பைப்பைத் தட்டினார்.

"அப்படியானால் அந்தக் கபீரை ஏன் பிடித்து வைத்திருக்கிறாய்?"

"நீங்கதான் பிடிக்கச் சொன்னீங்க, துரை."

"நானா?"

*

கபீர் ஸ்டேஷன் படியில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"டப்பாவை நிரப்பினது யாருன்னு தெரிஞ்சுதாண்ணே?"

"மழை."

கபீர் நல்லையாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். வியாபாரி கண். எடை போட்டுவிட்டது.

"வெள்ளிக்கிழமை பெஞ்ச மழையா?"

"ம்."

"சரி... மழைன்னே இருக்கட்டும்." குரல் தணிந்தது. "அந்தம்மா கடைக்குச் சொந்தமான அந்த வீட்டைக் காலி பண்ண வேண்டாம்னு சொல்லுங்கண்ணே. என் ஹயாத், என் உசுரு உள்ளவரைக்கும் இருக்கட்டும். வேறென்ன செய்ய முடியும் என்னால?"

நல்லையா கொஞ்சம் தயங்கினார். பிறகு சொல்லிவிட்டார்.

"கபீரு... உன் குடோன்ல ரெண்டு மான் டப்பா இருக்கு. வாய் திறக்காம."

"இருக்கா?"

"கோணிக்குப் பின்னால. குனிஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

கபீர் மாட்டின செருப்போடு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். விடுதலையான மனுஷன் வெகுநேரம் ஸ்டேஷனை விட்டுப் போகாமல் உட்கார்ந்திருந்ததை மொகல் தெரு பிறகு பல நாள் பேசிற்று. காரணம்தான் அதற்குக் கிடைக்கவில்லை.

*

ரத்தினம்மாள் வாசற்படிக்கு உள்ளே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. மூலையில் விளக்கு. ஆணியில் ரெங்கசாமியின் சாவிக் கயிறு.

நல்லையா எதிரே உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"கபீரை விட்டாச்சும்மா. யார் மேலயும் தப்பில்லை. மழையில மருந்து கெட்டுப்போச்சு... அதான் வெடிச்சிருக்கு. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

அவள் அழவில்லை. அவரையே பார்த்தாள்.

"ஐயா, அன்னிக்கு நீங்க வந்தீங்கள்ல? இதோ இந்த வாசல்லதானே நின்னீங்க?"

"ஆமாம்மா."

"நான் என்ன சொல்லி அழுதேன்?"

நல்லையாவுக்கு அந்த ஒப்பாரி மறுபடி காதில் கேட்டது.

'இந்தக் கையால கொன்னேனே... நெறச்சு வச்ச கையாலே நெருப்பு வச்சேனே...'

"அம்மா!"

"கழுகு மருந்து முரட்டு மருந்து, கால் கரண்டிதான் தாங்கும்னு எப்பவோ ஒரு நாள் அவரே சொன்னாரு. காதுல விழுந்துச்சு, புத்தியில விழலை. வெள்ளிக்கிழமையும் அதுவுமா டப்பா அடியைப் பார்த்ததும் மனசு ஒடிஞ்சு போச்சு. காலியா விட வேணாம்னு நெறச்சு வச்சேன். வெடிச்சுதுன்னு வந்து சொன்னாங்க பாருங்க... அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொல்லலையா?" கட்டின தொண்டை கிறீச்சிட்டது. "மூணு நாளா தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தினேனே ஐயா! என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாளுக. 'என்னடி சொல்றே'ன்னு ஒருத்தி கேக்கலை! முதலாளியைப் புடிச்சுட்டாங்கன்னு சொன்னப்போ, 'அவரில்லை, நான்தான்'னு மண்டையில அடிச்சுக்கிட்டேன். 'பாவம், சித்தம் கலங்கிடுச்சு'ன்னு மூஞ்சியில தண்ணி தெளிச்சாளுக!"

நல்லையாவால் தலை நிமிர முடியவில்லை. காகிதத்தில் சபாபதி எச்சில் தொட்டு அழித்த இடத்தில் விழுந்த ஓட்டை, கண்ணுக்குள் வந்து நின்றது. அதை அழிக்கச் சொன்னது யார்?

"என்னைப் புடிச்சுக்கிட்டுப் போங்க ஐயா."

"எதுக்கு? டப்பாவை நெறச்சதுக்கா? அதுக்கெல்லாம் புடிக்கிறதுன்னா என் பொண்டாட்டியைத்தான் மொதல்ல புடிக்கணும். ரங்கூன்ல ஒரு தமிழச்சி வெளியே இருக்க மாட்டா."

"தண்டனை வேணுங்க எனக்கு."

"அது என்கிட்ட இல்லைம்மா. இருக்கிறது போதாதா?"

வெளியே யாரோ மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள். ரத்தினம்மாள் சாவிக் கயிற்றைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்புடறப்போ சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. ஏன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னாரு. டப்பா நெறஞ்சிருக்கிறதைப் பார்த்து சந்தோஷப்பட்டாரா ஐயா? யார்கிட்டயாவது ஏதாவது சொன்னாரா?"

பொய் சொல்லலாம். காலையில் ஒன்று சொன்னாயிற்றே, இன்னொன்று என்ன பிரமாதம்? ஆனால் நல்லையாவுக்கு அன்றைய பங்கு தீர்ந்துபோயிருந்தது.

"சொன்னாரும்மா. கபீர்தான் நெறச்சு வச்சாருன்னு நெனச்சுட்டாரு. கையெடுத்துக் கும்புட்டு, 'ரொம்ப நன்றி முதலாளி. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்'னு சொன்னாராம்."

அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள்.

"அது என்னோடதுங்க ஐயா," என்றாள் மெதுவாக. "அந்தக் கும்புடு... எனக்கு வரவேண்டியது."

அப்புறம்தான் அழுதாள்.

வார்த்தை இல்லை. மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, தொண்டை கட்டின ஒரு கிழ அழுகை. தங்கமணியும் இரண்டு மூன்று பெண்களும் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். வாசலில் நின்று காது கொடுத்தார்கள். கூடச் சேர்ந்துகொள்ள அதில் ஒரு வரியும் கிடைக்கவில்லை. திரும்பிப் போய்விட்டார்கள்.

நல்லையா வெளியே வந்தார்.

தெருமுனையில் மா ஷ்வே மொஹிங்கா ஊற்றிக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். அன்று அவள் ஒருத்திதான் கேள்வி கேட்டிருந்தாள். நல்லையா தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் அவளைக் கடந்து போனார். ரங்கூன் போலீசில் அதற்கு முன் யாரும் மொஹிங்காக்காரிக்குத் தொப்பியைக் கழற்றியதில்லை.

சபாபதி பென்சிலோடு காத்திருந்தார்.

"ஐயா, அடுத்த தெருவுல ஒரு சாவு. புருஷன் திடீர்னு போயிட்டானாம். சம்சாரம் ஒப்பாரி வச்சுக்கிட்டிருக்கு. வழக்கம்போல..."

"எழுதிக்க."

"எதைங்க ஐயா?"

"ஒப்பாரியை."

"முழுசுமா?"

"ஒரு வரி விடாம!" என்றார் நல்லையா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ராகத்தை மட்டும் விட்டுடு!"